காரணக் குறியீடு

விமலேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்தால்
என் கைப்பை தானாக மடிக்கு ஏறிவிடும்.
ஜிப் மூடியிருக்கிறதா என்று
கட்டைவிரல் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரும்.
பதினோரு வருஷமாக இப்படித்தான்.
பிறையிலிருந்து கிளம்பும் தொழிற்சாலை பஸ்
பாலத்தில் ஏறும்போது ஐந்து ஐம்பது.
கடல் இன்னும் கடலாகியிருக்காது,
இருட்டில் நாலைந்து படகு விளக்குகள், அவ்வளவுதான்.
அவள் வாய் பிளந்து தூங்குவாள்.
நான் பையைப் பிடித்தபடி விழித்திருப்பேன்.

யாராவது கேட்டிருந்தால்
யோசிக்காமல் சொல்லியிருப்பேன்:
கை சுத்தமில்லாதவள்.

நேற்று பாயான் லெப்பாஸ் கேண்டீனில்
என் மீ கோரெங் தட்டுக்குப் பக்கத்தில்
ஐம்பது வெள்ளி நோட்டை வைத்தாள்.
"ஒங்க சீட்டுக்கு அடியில கெடந்துச்சுக்கா.
பைய தொறந்து தொறந்து பாக்குறப்ப விழுந்திருக்கும்."

தொறந்து தொறந்து.
அவள் தூங்கவில்லையா?

எனக்குத் தரக் கட்டுப்பாட்டில் வேலை.
நகத்தளவு சில்லு, லென்ஸுக்குக் கீழே.
ஒன்றைக் கெட்டது என்று தள்ளினால்
காரணக் குறியீட்டைத் தட்டியாக வேண்டும்:
07 கீறல், 12 கால் வளைவு, 31 தூசி.
தட்டாவிட்டால் திரை அடுத்த சில்லைக் காட்டாது.
லைன் நிற்கும்.
சூப்பர்வைசர் பேனாவைச் சொடுக்கிக்கொண்டே வருவார்.

விமலேஸ்வரிக்கு என்ன குறியீடு?
மத்தியானம் முழுக்கத் தேடினேன்.
யாருடையதை எடுத்தாள்? எப்போது? யார் பார்த்தது?
ஒன்றுமில்லை.
திரையோ நிற்கவில்லை,
பதினோரு வருஷமாக ஓடிக்கொண்டேயிருக்கிறது.

இரண்டரை மணி இருக்கும்,
கையில் ஏதோ ஒரு நல்ல சில்லு,
அப்போது ஒரு மழை வந்தது, பழைய மழை.
பஸ் வராத சாயங்காலம். கொட்டகைக்குக் கீழே
அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்:
"அந்த ஆளு சீட்டுப் பணத்த சுருட்டிட்டான்க்கா.
ஏழு பொம்பளைங்க பணம்.
கை சுத்தமில்லாத ஆளு."

எந்த ஆள்?
பேக்கிங்கா, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவனா,
மீசை உண்டா இல்லையா,
பேரின் முதல் எழுத்துகூட வரவில்லை.
அவன் சுத்தமாகத் தப்பித்துவிட்டான்.
சொன்ன வாயில் போய்
சொல் ஒட்டிக்கொண்டது.
ஏமாந்த ஏழு பேரில் அவளும் ஒருத்தி.
அன்றைக்கு அவளுக்கு
பையில் கட்டி ஸ்ட்ரா செருகிய மைலோ
வாங்கிக் கொடுத்தது நான்தான்.
எப்படி மறந்தது இது?

பிறகு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது.
நான் மட்டும் கொஞ்சமாகவா பேசியிருக்கிறேன்.
நாத்தனாரின் சோம்பல், நோர்ஹயாத்தியின் தலைக்கனம்,
தண்ணீர் பில்லில் முப்பது சென்னுக்கு
மூன்று மாடி ஏறி வந்த வீட்டுக்காரர் கூ.
அந்தக் கதையை ஜோஸ்லினிடம் எத்தனை தடவை,
கையை ஆட்டி, அவர் குரலிலேயே.
இப்போது நாங்கள் ஒன்றாகச் சாப்பிடப் போனால்
உட்காருவதற்கு முன்பே
"பில் தனித்தனி" என்கிறாளே ஜோஸ்லின்,
அது எதற்கு?

இன்று காலை ஐந்து ஐம்பது.
பையைக் காலடியில் வைத்தேன், வேண்டுமென்றே.
மன்னிப்புக் கேட்கலாம் என்று வாய் வரை வந்தது.
கேட்டால் அந்தச் சொல்லை
நான் மறுபடி சொல்ல வேண்டும்,
அவள் முகத்துக்கு நேரே, என் வாயால்.
பாலம் பாதி தாண்டியிருந்தது.
அவள் தலை சரிந்து என் தோளில் விழுந்தது,
தூக்கமோ, தூக்கம் மாதிரியோ.
அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

கட்டைவிரல் மட்டும்
காலி மடியில்
ஜிப்பைத் தேடிக்கொண்டிருந்தது.